கரியமில வாயு கரைப்பதும் கரைக்காததும்

கெமோமில் பூவை நீராவியில் வடித்தால் ஆழ்ந்த நீல நிறத்தில் எண்ணெய் இறங்கும். அந்த நீலத்தைப் பார்த்தே தரத்தை மதிப்பிடுகிறவர்கள் உண்டு. பூவிலோ நீலம் என்பதே கிடையாது. அதில் இருப்பது மேட்ரிசின் என்ற நிறமற்ற சேர்மம். கொதிநீராவி பட்டதும் அது சிதைந்து, படிப்படியாக மாறி, கமாசுலீன் என்ற நீலப் பொருளாகிறது. 1970-களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் சார்புரூக்கன் நகரில் ஏகோன் ஷ்டால் என்ற மருந்தியல் பேராசிரியர் அதே வகைப் பூக்களை அழுத்தப்பட்ட கரியமில வாயுவில் பிரித்தெடுத்துப் பார்த்தார். மேட்ரிசின் சிதையாமல் வந்தது. சாற்றில் நீலம் இல்லை.

செடியிலிருந்து மருந்துப் பொருளை எடுப்பது என்றால், உள்ளே இருப்பதை அப்படியே வெளியே கொண்டுவருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் எடுக்கும் முறையே எடுத்த பொருளின் பாதியைத் தீர்மானிக்கிறது. கொதிக்க வைத்தால் ஒன்று, எண்ணெயில் காய்ச்சினால் இன்னொன்று, ஆல்கஹாலில் ஊறவைத்தால் வேறொன்று. கஷாயம், தைலம், சூரணம் என்று நம் மருத்துவ மரபு தனித்தனியாக வகுத்து வைத்திருப்பதற்கும் இதில் இடம் உண்டு. நீரில் கரைவது கஷாயத்தில் இறங்கும், கொழுப்பில் கரைவது தைலத்தில் இறங்கும். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது மீமாறுநிலைப் பாய்மம். தொழிலில் இருப்பவர்கள் சூப்பர்கிரிட்டிக்கல் என்றே சொல்கிறார்கள். தூய்மையானது, பசுமையானது, நஞ்சில்லாதது என்ற புகழ்மொழிகளோடு அது விற்கப்படுகிறது. அந்தப் புகழில் எவ்வளவு உண்மை, எந்தச் சேர்மத்துக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பொருளைத் திரவம் என்றும் வாயு என்றும் பிரிக்கும் கோடு ஓர் இடத்தில் முடிந்துபோகிறது என்பதை முதலில் காதால் கேட்டறிந்தவர் பிரான்ஸின் காக்னியார் த லா தூர். 1822-இல் பீரங்கிக் குழாய் ஒன்றில் திரவத்தையும் ஒரு சிக்கிமுக்கிக் கல் உருண்டையையும் இட்டு அடைத்து, சூடாக்கி, உருட்டினார். உருண்டை திரவப் பரப்பைக் கடக்கும்போது எழும் தளும்பல் ஒலி, ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் நின்றுவிட்டது. உள்ளே பரப்பு என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. 1869-இல் பெல்ஃபாஸ்டின் தாமஸ் ஆண்ட்ரூஸ் கரியமில வாயுவுக்கு அந்த இடத்தை அளந்து, மாறுநிலைப் புள்ளி என்று பெயரிட்டார். இன்றைய அளவீட்டில் அது 31.0 டிகிரி செல்சியஸ், 73.8 பார்; அதைக் கடந்த நிலைதான் மீமாறுநிலை. பத்தாண்டு கழித்து, 1879-இல், ஹானே, ஹோகார்த் என்ற இரு ஆய்வாளர்கள் தன் மாறுநிலைக்கு மேலுள்ள ஆல்கஹால், பொட்டாசியம் அயோடைடு போன்ற உப்புகளைக் கரைப்பதையும், அழுத்தத்தைக் குறைத்ததும் அவை மீண்டும் படிவதையும் காட்டினார்கள். முறையின் முழுத் தத்துவமும் அப்போதே கையில் இருந்தது. அது தொழிலாக மாற ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 1960-களில் மியூல்ஹைம் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் குர்ட் சோசெல் காப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை இப்படி நீக்கும் வழியைக் கண்டார். 1970-களின் இறுதியில் பிரெமன் நகரில் ஆலை ஓடத் தொடங்கியது.

சோசெலின் காப்பியில் ஒரு நுட்பம் உண்டு. உலர்ந்த கொட்டையை உலர்ந்த கரியமில வாயுவில் வைத்தால் கஃபீன் சரியாக வராது. கொட்டையை நனைக்க வேண்டும். செல்லுக்குள் மற்ற பொருள்களோடு பிணைந்திருக்கும் கஃபீனை நீர் விடுவித்த பிறகுதான் வாயு அதை எடுத்துச் செல்லும். ஒரு பொருள் கரைப்பானில் கரையக்கூடியது என்பதும், செடிக்குள்ளிருந்து அது வெளியே வரும் என்பதும் ஒன்றல்ல. இந்தத் துறையில் நடந்த பாதித் தோல்விகளுக்குக் காரணம் இந்த வேறுபாட்டை மறந்ததுதான்.

கரியமில வாயுவின் பலம் அதன் அடர்த்தியில் இருக்கிறது. 40 டிகிரியில் வைத்துக்கொண்டு அழுத்தத்தை 80 பாரிலிருந்து 100 பாருக்கு உயர்த்தினால், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.28 கிராமிலிருந்து 0.63-க்குத் தாவுகிறது. 300 பாரில் 0.91. கரைக்கும் திறன் பெரும்பாலும் அடர்த்தியைப் பின்பற்றுவதால், ஒரே பொருள் அழுத்தத்துக்கு ஏற்பப் பல கரைப்பான்களாக நடந்துகொள்கிறது. குறைந்த அழுத்தத்தில் மணமுள்ள எளிய எண்ணெய்கள் மட்டும் வரும். உயர்த்தினால் கொழுப்பும் ரெசினும் மெழுகும் வரும். பாகுநிலை வாயுவைப் போல மிகக் குறைவு, விரவும் வேகம் சாதாரணத் திரவங்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பொடித்த வேருக்குள்ளும் விதைக்குள்ளும் எளிதாகப் புகுந்து வெளிவரும். வெப்பநிலையின் செயல் அவ்வளவு நேரானதல்ல. குறைந்த அழுத்தத்தில் சூட்டைக் கூட்டினால் அடர்த்தி சரிந்து கரைதிறன் குறையும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அதே சூடு கரைபொருளின் ஆவியழுத்தத்தை உயர்த்திக் கரைதிறனைக் கூட்டும். இந்த இரண்டும் குறுக்கிடும் இடம் ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. அதைக் கண்டுபிடிக்காமல் ஒருவர் ஆய்வறிக்கையில் எழுதிய 300 பார், 50 டிகிரி என்பதை இன்னொரு செடிக்கு எடுத்துப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

ஒரு தடவை ஓட்டுவது எப்படி என்று பார்ப்போம். மூலிகையை உலர்த்தி, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்து, கூடையில் நிரப்பி, தடித்த எஃகுக் கலத்துக்குள் இறக்குகிறார்கள். மாவாக அரைத்தால் கெட்டித்து, வாயு ஒரே சந்தில் பாய்ந்து வெளியேறிவிடும். கரகரப்பாக விட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே தங்கும். வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கித்தான் பம்ப் அழுத்தத்தை ஏற்ற முடியும். ஏற்றியபின் சூடாக்கிக் கலத்துக்குள் விடுகிறார்கள். அது பொடியைக் கடந்து, வால்வு வழியாக அழுத்தம் 50, 60 பாருக்குத் தணிந்த பிரிகலத்தில் நுழைகிறது. அங்கே கரைக்கும் திறனை இழந்து, சுமந்து வந்ததைக் கீழே விட்டுவிட்டு, மறுபடி குளிர்ந்து பம்புக்குத் திரும்புகிறது. பிரிகலத்தின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால் சோடா பாட்டில் திறந்தது போல நுரைத்துக்கொண்டு சாறு வரும். தொட்டால் சில்லென்றிருக்கும். வால்வு அழுத்தத்தைத் தணிக்கும் இடத்தில் குளிர் மிகுந்து உலர்பனி அடைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே சூடேற்றி வைத்திருப்பார்கள். பிரிகலங்களை இரண்டு மூன்றாக வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் வேறு அழுத்தம் கொடுத்தால், முதலில் மெழுகு, பிறகு ரெசின், கடைசியில் நறுமண எண்ணெய் என்று தனித்தனியாகப் பிடிக்கலாம்.

சாறு தொடக்கத்தில் ஒரே சீராக வரும், பிறகு சட்டென்று குறையும். அரைத்தபோது உடைந்த செல்களில் இருந்தது முதலில் வந்துவிடுகிறது, உடையாத செல்களில் இருப்பது மெல்லக் கசிகிறது. 1994-இல் பிராகாவின் ஹெலேனா சோவோவா இதைக் கணிதமாக்கித் தந்தார். இன்றும் ஆலை வடிவமைப்பவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்ற முடிவில்தான் லாபம் இருக்கிறது. கடைசித் துளிவரை எடுக்க நினைத்தால் மின்கட்டணம் விழுங்கிவிடும்.

இனி, எது பொருந்தும் என்ற கேள்வி. கரியமில வாயு மூலக்கூறுக்கு நிலையான முனைவுத்தன்மை கிடையாது. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளை அது விரும்பி ஏற்கும். சர்க்கரை ஒட்டிய கிளைக்கோசைடுகள், சப்போனின்கள், டானின்கள், புரதங்கள் அதில் ஏறுவதில்லை. திருநெல்வேலி நிலாவரை இலையின் சென்னோசைடுகளுக்கு நீரும் ஆல்கஹாலும்தான் வழி. நறுமண எண்ணெய்கள், கஞ்சாச் செடியின் கன்னாபினாய்டுகள், ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலம், பாசியிலிருந்து எடுக்கும் அஸ்டாசாந்தின் போன்றவற்றில் இந்த முறை உறுதியாக நின்றுவிட்டது. 2010-இல் பிரிட்டன் அனுமதித்த சாட்டிவெக்ஸ் என்ற மருந்தின் கஞ்சாச் சாறு கரியமில வாயுவில்தான் எடுக்கப்படுகிறது. அது மாறுநிலைக்குக் கீழே, திரவ வடிவில் இருக்கும் வாயு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவையான சேர்மம் குறைந்த அழுத்தத்திலேயே கரையுமானால் மேலே போக வேண்டிய அவசியமில்லை.

இஞ்சியும் வென்ற கதைதான். காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் சூட்டில் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாகிறது. இஞ்சியைச் சுக்காக்கும்போதும் இதுதான் ஓரளவு நடக்கிறது, நம் மருத்துவர்கள் இரண்டையும் இரு சரக்காகக் கொண்டதும் அதனால் பொருள் பொதிந்தது. கரியமில வாயுவில் நாற்பது, ஐம்பது டிகிரியிலேயே வேலை முடிந்துவிடுவதால் இந்த மாற்றம் மட்டுப்படுகிறது. பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் ஆஞ்செலா மெய்ரேலெஸ் குழுவினர் 2005-இல் கிராம்பையும் இஞ்சியையும் எடுத்துக்கொண்டு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எண்ணெய் நிறையக் கொண்ட, விரைவில் விட்டுக்கொடுக்கிற கிராம்பில் செலவு குறைவு. மெல்லக் கொடுக்கும் இஞ்சியில் அதிகம். பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு.

மஞ்சள் சிக்கலானது, நமக்கு அதிகம் தேவையானதும் கூட. ஈரோட்டு மஞ்சளைக் கரியமில வாயுவில் எடுத்தால், பொன்னிறமாக ஓர் எண்ணெய் வரும். டர்மரோன்கள் நிறைந்த, வாசனையான, நல்ல எண்ணெய். ஆனால் கலத்திலிருந்து வெளியே கொட்டும் சக்கையைப் பார்த்தால் அது அடர்மஞ்சளாகவே இருக்கும். குர்க்குமின் அங்கேயே இருக்கிறது, வாயு அதைத் தொடவே இல்லை. இரண்டு ஃபீனால் தொகுதிகள் கொண்ட அந்த மூலக்கூறின் கரைதிறன் வெறும் கரியமில வாயுவில் மிக அற்பம். எத்தனாலைத் துணைக் கரைப்பானாகச் சேர்த்தால் கொஞ்சம் நகரும். அந்த அளவுக்கு எத்தனால் சேர்ப்பதானால், அழுத்தமே இல்லாமல் எத்தனாலிலோ அசிட்டோனிலோ எத்தில் அசிட்டேட்டிலோ எடுத்துவிடலாம். கொச்சியைச் சுற்றியுள்ள ஓலியோரெசின் (மசாலாவின் எண்ணெயும் ரெசினும் சேர்ந்த சாறு) ஆலைகள் இதனால்தான் பழைய கரைப்பான் கலங்களையும் புதிய உயரழுத்தக் கலங்களையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கின்றன. முதலில் வாயுவால் எண்ணெயை நீக்கிவிட்டு, மிஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பானால் குர்க்குமினை எடுப்பது நல்ல வழி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததால் படிகம் சுத்தமாக விழுகிறது, எண்ணெயும் தனிச்சரக்காக விலை போகிறது. சூப்பர்கிரிட்டிக்கல் குர்க்குமின் என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால், அதில் கரியமில வாயு எந்தப் படியில் வந்தது என்று கேட்க வேண்டும்.

அல்கலாய்டுகளின் நிலை இன்னும் கடினம். செடிக்குள் அவை பெரும்பாலும் கரிம அமிலங்களோடு சேர்ந்து உப்பாக இருக்கின்றன, உப்பு இந்த வாயுவில் கரையாது. காரப்பொருள் சேர்த்து விடுவித்தாக வேண்டும். நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். 1958-இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் புற்றுநோய் மருத்துவத்தையே மாற்றியது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர் இலை வேண்டும். இவ்வளவு நுண்ணிய அளவில் இருக்கும் ஒன்றுக்காக அரை டன் இலையை உயரழுத்தக் கலங்களில் நிரப்பி நிரப்பி எடுப்பது எந்தக் கணக்கிலும் வராது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தைக் கரியமில வாயுவும் எத்தனாலும் கலந்து எடுக்கலாம் என்று 1992-இல் காட்டினார்கள், அமெரிக்கா அந்த மருந்தை அனுமதித்த அதே ஆண்டில். ஆனால் தொழில் வேறு திசையில் போயிற்று. ஐரோப்பிய யூ ஊசியிலைகளில் கிடைக்கும் முன்பொருளிலிருந்து பாதிச் செயற்கை முறையும், தொட்டிகளில் வளர்த்த செடிச்செல்களும் மரப்பட்டையைத் தேவையற்றதாக்கின. மரங்கள் பிழைத்தன என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆர்ட்டிமிசினின் இதற்கு நேர்மாறான பாடம். மலேரியாவுக்கான இந்த மருந்தை, கொதிநீர் கெடுத்துவிடுகிறது என்று உணர்ந்து தாழ்சூட்டில் ஈதரால் எடுத்து 1970-களின் தொடக்கத்தில் வெற்றி கண்டவர் டூ யூயூ, 2015-இன் நோபல் பரிசு பெற்றவர். சூடு ஆகாத, முனைவுத்தன்மை குறைந்த மூலக்கூறு. கரியமில வாயுவுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது அரிது. ஆய்வகங்களில் நன்றாகவே வருகிறது. இருந்தும் ஆலைகளில் பெரும்பாலும் ஹெக்சேனும் பெட்ரோலிய ஈதரும்தான் ஓடுகின்றன. ஏழை நாடுகளுக்குப் போகும் மருந்து, விலையில் சல்லிக்காசு கூடினாலும் தாங்காது. முதலீடு பெரிது என்ற ஒரே காரணத்தால் இங்கே நல்ல முறை வெளியே நிற்கிறது.

அந்த முதலீடு ஏன் பெரிது என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கலத்தின் மூடியில் 300 பார் அழுத்தம் தரும் விசை ஏறத்தாழ 216 டன் எடைக்குச் சமம். அந்த மூடியை ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் திறந்து, சக்கையைக் கொட்டி, புதிதாக நிரப்பி, மறுபடி அடைக்க வேண்டும். திடப்பொருளை உயரழுத்தத்துக்குள் இடைவிடாமல் ஊட்டும் நம்பகமான வழி இன்னும் பரவலாகவில்லை. அதனால்தான் இரண்டு மூன்று கலங்களை வைத்து ஒன்று ஓடும்போது மற்றொன்றை நிரப்புகிறார்கள். மும்பை ஐஐடியின் மமதா முகோபாத்யாய் இந்திய மசாலாக்களுக்கும் மூலிகைகளுக்கும் இந்தப் பொறியியலை விரிவாக ஆராய்ந்து 2000-இல் எழுதிய நூல் இன்றும் இத்துறைக்கு வருகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம்.

தூய்மை பற்றிய புகழுக்கு வருவோம். அது பொய்யல்ல. ஹெக்சேன் உடலில் நரம்பைக் கெடுக்கும் பொருளாக மாறுகிறது. மருந்துகளில் அது 290 பிபிஎம் வரை, டைகுளோரோமீத்தேன் 600 பிபிஎம் வரை இருக்கலாம் என்று பன்னாட்டு வழிகாட்டி வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மசாலா ஓலியோரெசினில் ஹெக்சேன் 25 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது. கரியமில வாயுவில் இந்தக் கவலையே இல்லை, அது பறந்துவிடும். ஆலையில் வேலை செய்பவர் நாள் முழுக்க ஹெக்சேன் ஆவியை மூச்சில் இழுக்காமல் இருப்பது, வாங்குபவரின் மில்லிகிராம் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மூடிய அறையில் கசிந்தால் கரியமில வாயுவும் மூச்சை நிறுத்தும்.

ஆனால் கரைப்பான் எச்சம் இல்லை என்பதும் சாறு மாசற்றது என்பதும் வேறு வேறு. கொழுப்பில் கரையும் பூச்சிக்கொல்லிகளையும் இதே வாயு இதே திறமையோடு கரைக்கும். உணவில் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிக்கவே இந்த முறையைப் பயன்படுத்துகிற ஆய்வகங்கள் உண்டு. நூறு கிலோ மிளகில் சிதறிக் கிடந்த நஞ்சு, பத்துக் கிலோ சாற்றில் சேர்ந்து நின்றால் செறிவு பத்து மடங்கு. வயலில் தெளித்தது என்ன என்று தெரியாமல் எடுக்கப்படும் தூய சாறு, பெயரில் மட்டுமே தூயது. பசுமை என்பதும் மின்சாரத்தைப் பொறுத்தது. வாயு நொதிப்பு ஆலைகளிலும் உரத் தொழிற்சாலைகளிலும் எப்படியும் வெளியேறும் துணைப்பொருள்தான். குளிர்விப்பதும் அழுத்துவதும்தான் ஆற்றலைக் குடிக்கின்றன.

நோய் தீருமா என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் தனியான கேள்வி. சா பாமெட்டோ என்ற அமெரிக்கக் குறும்பனையின் பழச்சாறு, வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு உலகெங்கும் விற்கிறது. 2006-இல் அமெரிக்காவில் 225 ஆண்களுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில் பயன்படுத்தியது கரியமில வாயுவில் எடுத்த தரமான சாறுதான். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த நன்மையும் தெரியவில்லை. வேறு கரைப்பானில் எடுத்த சாறுகளுக்குத் தனியாக வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெக்சேனில் எடுத்ததும் ஆல்கஹாலில் எடுத்ததும் இதில் எடுத்ததும் ஒரே மருந்தல்ல என்பதை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்று, சாறு வாரியாகவே மதிப்பிடுகிறது. ஒரு சாற்றின் ஆய்வு முடிவை இன்னொரு சாற்றின் டப்பாவில் அச்சிடுவது இங்கேயும் நடக்கிறது. அதைத் தடுக்க வேண்டும்.

செறிவூட்டல் தன்னளவில் தீங்காகவும் முடியலாம். 1998-இல் பெங்களூரு ஆய்வொன்று மிளகின் பைப்பரின் சேர்ந்தால் குர்க்குமின் இரத்தத்தில் சேர்வது மனிதரில் 20 மடங்கு கூடுவதாகக் காட்டியது. அதிலிருந்து உறிஞ்சல் கூட்டிய மாத்திரைகள் பெருகின. 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய மஞ்சள், குர்க்குமின் தயாரிப்புகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேரலாம் என்று எச்சரித்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. பாட்டி கொடுத்ததுதான், பயமில்லை என்று சொல்லி அந்த மாத்திரையை விற்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த முறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண்வலிக்கிழங்கின் பேச்சு வந்துவிடும். மாநில மலரான செங்காந்தள்தான் அது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களிலும் வேதாரண்யம் கரையிலும் பயிராகிறது. கொடி ஏறப் பந்தல் போட்டு, விடியற்காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்க வைக்கிறார்கள். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. விதையிலிருந்து வரும் கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து, 2023-இல் அமெரிக்காவில் இதயநோய்த் தடுப்புக்கும் அனுமதி பெற்றது. விதை பெரும்பாலும் விதையாகவே வெளியே போகிறது. இங்கேயே சூப்பர்கிரிட்டிக்கல் ஆலை வைத்தால் விவசாயிக்கு விலை கூடும் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. வேதியியல் அதற்கு உதவவில்லை. கோல்சிசின் நீரிலும் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும், பெட்ரோலிய ஈதரில் கரையாது. வெறும் கரியமில வாயு அதைத் தேடிப் போகாது. விதையின் கொழுப்பை முதலில் நீக்க வாயு உதவும். ஆல்கஹாலோடு கலந்தால் கோல்சிசினும் ஓரளவு வரும். ஆனால் அந்தத் தொழிலின் உண்மையான தொல்லை அதற்கடுத்த படியில், குளோரோஃபார்மையும் டைகுளோரோமீத்தேனையும் கொண்டு சுத்திகரிப்பதில் இருக்கிறது. ஆய்வுப் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

உயரழுத்த ஆலை ஒன்று ஆண்டு முழுக்க ஓடினால்தான் கட்டுப்படியாகும். மிளகு, இஞ்சி, ஏலம், மஞ்சள், கிராம்பு என்று மாதத்துக்கு ஒன்று கிடைக்கும் கொச்சியில் அது நடந்தது. கொங்குப் பகுதியில் வைப்பதானாலும் மஞ்சள் எண்ணெயை முதுகெலும்பாகக் கொண்டு, பல பயிர்களுக்குப் பொதுவான கூலி ஆலையாக வைக்க வேண்டும். கண்வலிக்கிழங்கு விதைக்கு அதே கலத்தைப் பயன்படுத்தக் கூடாது. கோல்சிசின் தொட்ட கலத்தில் உணவுப் பொருள் ஏறக் கூடாது. கண்வலிக்கிழங்கு விவசாயிக்கு உடனே தேவைப்படுவது வேறொன்று. விதை இன்று கிலோ கணக்கில் விலை போகிறது. வாங்குபவர் கையில் மட்டும் அதன் கோல்சிசின் சதவீதம் இருக்கிறது. மூலனூரிலோ ஒட்டன்சத்திரத்திலோ சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஓர் எச்பிஎல்சி கருவியும் அதை ஓட்டத் தெரிந்த ஒரு வேதியியல் பட்டதாரியும் இருந்தால், விற்கும் முன்பே அந்த எண் விற்பவருக்கும் தெரிந்துவிடும்.